அத்தை சொல்ல வேண்டிய பேர்

பிள்ளைக்குப் பேர் சொல்வது அத்தையின் வேலை. குழந்தையின் காதோரம் வெற்றிலையை மடக்கிப் பிடித்து மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை சொல்வது கூடியிருக்கிற சனத்துக்கும் கேட்க வேண்டும். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, தொட்டிலில் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். சொந்த அத்தை இல்லாத வீட்டில்கூட ஒன்றுவிட்ட அத்தை, இரண்டுவிட்ட அத்தை என்று யாரையாவது தேடிப்பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். நான் என் தம்பிக்குக் கூடப் பிறந்த ஒரே அக்கா. அவன் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று மாண்ட்ரியலிலிருந்து போன் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேர் வைக்கிற அன்றைக்குக் கட்டவேண்டிய புடவையை அந்த நிமிஷமே மனசுக்குள் எடுத்துவிட்டேன்.

அவன் எனக்கு வெறும் தம்பி இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். கல்யாணமாகி மாரண்டஹள்ளிக்கு வந்திருந்த என்னோடு வந்து ஒட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் ஓடுகிற வண்டியில்தான் பாதி ஆயுசைக் கழித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். விசிலை ஊதக் கொடுப்பார். அவனுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டு ராத்திரி பகல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி அழுகிற வயசைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. தம்பி இருந்தான், வீடு நிறைந்துதான் இருந்தது.

பேர்கள் எனக்குப் புதிதில்லை, நான் அங்கன்வாடி டீச்சர். எங்கள் சென்டரில் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், கன்னடம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் படுத்துத் தூங்கும். ஒரே பேரைத் தமிழ் வீட்டில் ஒரு மாதிரி முடிப்பார்கள், கன்னட வீட்டில் வாலில் ஒரு ‘ப்பா’ சேர்ப்பார்கள், தெலுங்கு வீட்டில் ‘டு’ போடுவார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் முட்டை கொடுக்கிற நேரத்தில் எல்லாம் ஓடி வந்துவிடும். அதனால் தம்பி அடுத்த போனில் ஒரு கண்டிஷன் போட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“அக்கா, பேரு ஃப்ரெஞ்சுலயும் ஒத்து வரணும், இங்கிலீசுலயும் ஒத்து வரணும்.”

“தமிழ்ல ஒத்து வரணுமா, வேண்டாமா?”

“அதை நீ பாத்துக்கோ.”

அவனிருக்கிற ஊரில் தெருவிலும் கடையிலும் குழந்தைகள் காப்பகத்திலும் ஃப்ரெஞ்சாம். ஆபீசில் இங்கிலீஷாம். “எம் பேரை ஆபீஸ்ல ஒரு மாதிரி கூப்புடறாங்க, பேங்க்ல ஒரு மாதிரி, ஆஸ்பத்திரில வேற மாதிரி. எதைக் கூப்ட்டாலும் நாந்தான்னு எந்திரிச்சு நிக்கறேன்க்கா. ஒருநாள் வேற யாரையோ கூப்ட்டாங்க, அதுக்கும் எந்திரிச்சு நின்னுட்டேன். எம் புள்ளைக்கு இது வேண்டாம்,” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டில் பேர் பரீட்சை. அங்கே அப்போது காலை நேரம். தம்பி போனை மேசையில் சாய்த்து வைப்பான். அவன் அடுத்த வீட்டில் ஓர் அம்மா, ஃப்ரெஞ்சு தவிர வேறெதுவும் தடுக்காமல் வராதவர், கையில் காபியோடு வந்து உட்கார்வார். நான் இங்கிருந்து ஒரு பேரைச் சொல்வேன், அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வாயில் அது என்ன கதியாகிறது என்று பார்த்துத் தேர்வா, தோல்வியா என்று முடிவு செய்வோம்.

நான் முதலில் சொன்னது எங்கள் குலசாமி பேர். அந்தம்மா அதைத் தொண்டைக்குள் கொண்டுபோய் நாலு உருட்டு உருட்டி வெளியே விட்டார். சாமி எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. ‘ஹ’வில் ஆரம்பிக்கிற பேரைச் சொன்னால் ‘ஹ’வை அப்படியே முழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுத்தார். ‘உ’ வருகிற இடமெல்லாம் விசிலடிக்கப் போகிறவர் மாதிரி உதட்டைக் குவித்தார். ழகரம் வந்த பேருக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, “விடுடா, பாவம், நம்மூட்டு ஆளுங்களுக்கே வராது,” என்று நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். நல்ல மனுஷி. ஒவ்வொரு தோல்விக்கும் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்பார். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் பாஷை தெரியாமலே சிநேகிதம் ஆகிவிட்டோம். அவர் தன் பூனையைத் தூக்கிக் காட்டுவார், நான் என் கோழிகளைக் காட்டுவேன்.

ஃப்ரெஞ்சில் தேறின பேரெல்லாம் இங்கிலீஷ் பரீட்சைக்குப் போகும். அதற்குத் தம்பி ஒரு காபிக் கடையைப் பிடித்து வைத்திருந்தான். ஆபீசுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி, அன்றைக்கு எந்தப் பேரோ அதைத் தன் பேர் என்று சொல்லிக் காபி வாங்குவான். கப்பில் என்ன எழுதுகிறார்கள், எப்படிக் கூவுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்வான். நீளமான பேராக இருந்தால் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் கூப்பிட்டார்கள். சில பேர்கள் கப்பிலே நன்றாக இருந்தன, கூப்பிடும்போது பாழாயின. நாலைந்து வாரத்தில் அந்தக் கடைப் பெண்ணுக்கு இவன் மேல் சந்தேகமே வந்துவிட்டதாம்.

என் வீட்டுக்காரர் இதிலெல்லாம் தலையிடமாட்டார். வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். “எதையாச்சும் வெய்ங்க. அது ஸ்டாப்பு வந்தா புள்ள எறங்கிக்கும்,” என்பார். ரிட்டயர் ஆனபிறகும் பேச்சு மட்டும் இன்னும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. போட்டோ வந்த அன்றைக்குத் தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன். பேர் என்னடா என்று கேட்டால் தம்பி பிடி கொடுக்கவில்லை. “அங்க பதிவு பண்ணியாச்சுக்கா. பாஸ்போர்ட்லயும் ஏறிடுச்சு. ஆனா உங்கிட்ட நேர்ல வந்துதான் சொல்லுவேன்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “மாண்ட்ரியல் சர்க்காருக்குத் தெரியும், பூனைக்காரம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியக் கூடாதா?” என்று போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நானே திரும்பப் பண்ணி, குழந்தை பால் குடித்தானா என்று கேட்டேன். வீம்பு பிடிக்கிற சுகமெல்லாம் அத்தைமாருக்குக் கிடையாது.

குழந்தைக்குக் கழுத்து நின்றபிறகு வந்தார்கள். பேர் வைக்கிற நாளன்று வாசலில் சாமியானா போட்டு, சமையலுக்கு ஆள் வைத்தாயிற்று. அரூரிலிருந்து என் சித்தப்பா மகள் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள். அவளும் பிள்ளைக்கு அத்தை முறைதான். ஊரில் எந்த வீட்டில் பேர் சொன்னாலும் தெருமுனைவரை கேட்கிற குரல் அவளுக்கு. வந்ததிலிருந்து, “உனக்குத் தொண்டை கட்டியிருந்தா சொல்லுக்கா, நான் இருக்கேன்,” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். எனக்குத் தொண்டை கட்டவில்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

காலையில் நான் வடைக்கு ஆட்டின மாவை வழித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பூவும் வாழை இலையும் வாங்கப் பாலக்கோட்டுக்குப் போயிருந்தார். தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்தாற்போல அடுப்படிக்கு வந்து நின்றார்கள்.

“அக்கா, இப்பச் சொல்லிடறேன்,” என்று தம்பி அந்தப் பேரைச் சொன்னான். இரண்டே எழுத்து.

நான் முதலில் வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் வந்து கேட்டுவிடப் போகிறாரே என்று. அப்புறம், “யாரு பேருடா சொல்ற?” என்றேன்.

“மாமா பேரு.”

தேடித் தேடி அலுத்துப் போன ஒருநாள் அந்தப் பூனைக்காரம்மா அவனிடம், உன்னை வளர்த்தது யார் என்று கேட்டாராம். அக்காவும் மாமாவும் என்று சொல்லியிருக்கிறான். மாமா பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். “அப்ப யோசிக்க வேண்டியதாப் போச்சுக்கா. நான் என்னிக்காச்சும் அவரைப் பேர் சொல்லியிருக்கேனா? மாமா மாமான்னே காலம் போயிடுச்சு. சொன்னேன். அந்தம்மா ஒரு சேதாரமும் இல்லாம அப்படியே திருப்பிச் சொன்னாங்க. மறுநாள் காபிக் கடையில சொன்னேன். கப்புல சரியா எழுதியிருந்தாங்க, சரியாக் கூப்ட்டாங்க. காபிய வாங்கிட்டு ரோட்டுல நின்னு அழுதேன்க்கா,” என்றான்.

அவன் மனைவி, “மாமாவுக்கு இன்னும் தெரியாதுங்க அண்ணி. நீங்க காதுல சொல்லும்போது அவங்க கேக்கணும்னுதான் ஆசை,” என்றாள். அவள் சேலத்துப் பெண். என் தம்பி சொல்கிற மாதிரியே அவரை மாமா என்றுதான் சொல்வாள்.

நானும் அழுதேன். மாவுக் கையோடு தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அது ஓய்ந்து மூக்கைத் துடைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. தம்பி முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் அதே நேரம் உறைத்திருக்கிறது. ஃப்ரெஞ்சுக்காரம்மா வாயில் நுழையுமா, இங்கிலீஷ் கடையில் நுழையுமா என்று மாசக்கணக்கில் பார்த்தவன், அக்கா வாயில் நுழையுமா என்று பார்க்கவில்லை.

நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘ஏங்க’தான். வெளியாட்களிடம் ‘கண்டக்டரு’. ஊரே அவரைக் கண்டக்டர் என்று கூப்பிடுவதால் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என்னை வளர்த்தவர்கள் சொல்லி வைத்தார்கள். நான் அதை நம்புகிறவள் இல்லை. சென்டருக்கு வருகிற தாய்மாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள் என்று நானே பேசியிருக்கிறேன். ஆனால் என் விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வந்ததில்லை. ஒரு வருஷம் அதே பேரில் ஒரு பையன் சென்டருக்கு வந்து சேர்ந்தான். மற்ற பிள்ளைகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவனை மட்டும் ‘தங்கக்கட்டி’ என்று கூப்பிட்டேன். அவன் வீட்டில் டீச்சருக்கு நம்ம பையன் மேல் கொள்ளைப் பிரியம் என்று பூரித்துப் போனார்கள். போன வருஷம் இவருக்கு நெஞ்சுவலி வந்து சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பேர் என்ன என்று கேட்ட பெண்ணிடம் ஆதார் கார்டை நீட்டினேன். வாயில் சொல்லுங்கம்மா என்றாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில், அந்த இடத்தில், அவர் ஆயுசோடு நான் விளையாடுவேனா?

“அய்யோ அக்கா, அதை நான் நெனைக்கவே இல்ல. அங்க எங்க பெரிய ஆபீசரையே பேர் சொல்லித்தான் கூப்புடறோம். பழகிப் போச்சு,” என்றான் தம்பி. அவன் மனைவி மெதுவாக, “உங்களுக்குக் கஷ்டம்னா அரூர் அண்ணி சொல்லட்டுங்க. ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்,” என்றாள்.

வெளியே அரூர்க்காரி வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். அவள் நல்லவள்தான். ஆனால் என் தம்பி பிள்ளையின் காதில், என் வீட்டுக்காரர் பேரை, அவள் சொல்வதா? பிள்ளை பெறாதவளுக்குக் கிடைத்த ஒரே சடங்கு இது. இதையும் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு வடை சுட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. சொல்லவும் பயமாக இருந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிற மனுஷன்.

“நான்தான் சொல்லுவேன். போய் வேலையப் பாருங்க,” என்று இரண்டு பேரையும் துரத்திவிட்டேன்.

பிறகு கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்துக்குள் இருமல் வந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், முதல் எழுத்தும் வரவில்லை. கோழிகள் தீனிக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று வந்து காலைச் சுற்றிக்கொண்டன. அதற்குள் அவர் வாழை இலைக் கட்டோடு வந்துவிட்டார். “இங்க என்ன பண்ற, உள்ள எல்லாரும் தேடறாங்க,” என்றார். “ஒண்ணுமில்லீங்க,” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தை அவன் அம்மா மடியில் கிடந்து என் மூக்குத்தியையே பார்த்தான். அரூர்க்காரி வெற்றிலையை என் கையில் கொடுத்துவிட்டு, இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரரைக் காணவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குப் பசி என்று சாமியானாவில் முதல் பந்தியைப் போட்டு, அவரே பரிமாறிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடத் தம்பி எழுந்தான். நல்ல நேரம் போகிறது என்று யாரோ அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

குனிந்து வெற்றிலையைக் காதில் வைத்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

“அது கணக்குல சேராதுக்கா,” என்றாள் அரூர்க்காரி.

மறுபடி குனிந்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, குழந்தைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவனுக்குக் காது கூசியதோ என்னவோ, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். இரண்டாவது தடவை அவன் அம்மாவுக்கும் கேட்டது. அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆபீசில் கூப்பிடுவார்கள். சிநேகிதர்கள் தெருவில் நின்று கத்துவார்கள். நாங்களெல்லாம் போனபிறகும், ஒரு வளைசல் நெளிசல் இல்லாமல், இரண்டு பாஷையில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்குப்போய் ஆயுசு குறைகிற பேர் என்று நான் பயந்துகொண்டிருந்தேனே என்று நினைத்தேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, போய்விட்டது.

மூன்றாவது தடவை சொன்னேன். அங்கன்வாடிக் குரல் என்னுடையது. இரைச்சல் போடுகிற பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற குரல். அது கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போயிற்று.

“தோ வரேன்,” என்று சாமியானாவிலிருந்து பதில் வந்தது.

கூடமே குலுங்கிச் சிரித்தது. அவர் சாம்பார் வாளியும் கரண்டியுமாக வாசற்படியில் வந்து நின்றார். “யாரு கூப்ட்டது?” என்றார். தம்பி எழுந்து போய் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் என்னைக் காட்டினான், பிறகு குழந்தையைக் காட்டினான். அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் முழுக்கத் துடைத்துக்கொண்டார். பிறகு பாயில் உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“எங்கம்மா போன பொறவு வூட்டுக்குள்ள யாருமே என்னைய அப்படிக் கூப்ட்டதில்ல,” என்றார். அவர் அதற்காக ஏங்கியிருப்பார் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. “இந்தா, இன்னொருக்கா சொல்லு.”

மூன்று தடவைதான் சம்பிரதாயம். வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, நாலாவது தடவை சொன்னேன்.